பழைய சிலிண்டர் ஹெட்: ஸ்கிம் போட அனுப்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரில் ஒரு கார் ஸ்கிராப் யார்டுக்குப் போகிறது என்றால் எஞ்சின் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் 10 வருட சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) முடிந்திருக்கும், அவ்வளவுதான். அதனால்தான் விலை மலிவான, இன்னும் பல வருடம் ஓடக்கூடிய சிலிண்டர் ஹெட்டுகள் (எஞ்சின் பிளாக்கின் மேல் உட்காரும், வால்வுகள் இருக்கும் பகுதி) இங்கே கிடைக்கின்றன. இன்னொரு பக்கம், பிகியூபி (புதுப்பிக்கக் கட்டும் சராசரி சிஓஇ விலை) கட்டி சிஓஇயை 5 வருடத்துக்கு நீட்டித்தவர்கள் இருக்கிறார்கள். வண்டி ஒருநாள் விரைவுச்சாலையில் சூடேறி ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) போய்விட்டால், அந்த 5 வருடத்துக்காகப் புது ஹெட் வாங்க மனம் வராது. பழைய ஹெட் தேடுவார்கள், அல்லது கழற்றிய ஹெட்டையே ஸ்கிம் போட்டு, அதாவது அடிப்பக்கத்தை மெஷினில் மெல்லச் சீவித் தட்டையாக்கி, மாட்டச் சொல்வார்கள். எஞ்சின் எண் பிளாக்கில் இருப்பதால் ஹெட்டை மட்டும் மாற்றினால் பதிவு விவரம் மாறாது. முழு எஞ்சினை மாற்றினால்தான் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். அதனாலும் ஹெட் மாற்றுவதைப் பலர் விரும்புகிறார்கள்.

இதில் கையைச் சுட்டுக்கொள்ளும் இடம் ஒன்றுதான். ஹெட்டின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. மெஷின் ஷாப்பில் கொடுத்தால் எந்த ஹெட்டையும் தட்டையாக்கிக் கொடுத்துவிடுவார்கள். அந்த அலுமினியம் எவ்வளவு சூடு பட்டது என்பதை எந்த மெஷினாலும் அழிக்க முடியாது. சிஓஇ முடிந்து போன வண்டியின் ஹெட்டா, சூட்டில் போன வண்டியின் ஹெட்டா? பணம் கொடுப்பதற்கு முன் தெரிய வேண்டியது இதுதான். அதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை.

யார்டிலேயே பார்க்கக்கூடியவை

முதலில் கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) உட்காரும் மேல்பக்கத்தைப் பாருங்கள். எண்ணெயை ஒழுங்காக மாற்றிய எஞ்சினில் அலுமினியம் அலுமினிய நிறத்தில் அல்லது லேசான தேன் நிறத்தில் இருக்கும். கரும்பழுப்பு வார்னிஷ் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் எண்ணெய் மாற்றத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். நடு சிலிண்டர்களுக்கு மேலே மட்டும் கருகியிருந்தால் அது சூடு. ஹெட்டோடு ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர் அவுட்லெட்டை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தாலும், ஓ ரிங் ரப்பராக இல்லாமல் பிளாஸ்டிக்காக இறுகியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். வயதான வண்டியில் இது தானாகவும் வரும். மற்ற அடையாளங்களோடு சேர்த்துத்தான் இதை எடைபோட வேண்டும்.

அடுத்தது எரியறைகள். நான்கும் ஒரே நிறத்தில் இருப்பது நல்லது. மூன்று கரிபடிந்து ஒன்று மட்டும் ஆவியில் கழுவியது போலப் பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் போயிருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கட் பதிந்த தடத்தை விரல் நகத்தால் குறுக்கே இழுங்கள். நகம் தடுக்கினால் கேஸ் அந்த வழியாகப் பாய்ந்து அலுமினியத்தை அரித்திருக்கிறது. பழைய கேஸ்கட் கிடைத்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஹெட் சொல்லாததை அது சொல்லும்.

கேம் ஷாஃப்ட்டை மேலிருந்து பிடித்து வைக்கும் கேம் கேப்புகளை எண்ணிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. கேப்புகளை ஹெட்டில் மாட்டிய பிறகுதான் தொழிற்சாலையில் துளை போடுகிறார்கள். ஆகவே ஒரு ஹெட்டின் கேப் இன்னொரு ஹெட்டுக்கு ஆகாது. அதே ஹெட்டிலேயே இடம் மாறினாலும் ஆகாது. ஒவ்வொன்றிலும் எண்ணும் அம்புக்குறியும் இருக்கும். ஒன்று குறைந்தாலும், ஒன்றின் எழுத்து வடிவம் மற்றவற்றோடு ஒத்துப்போகாவிட்டாலும், அந்த ஹெட் வெறும் பழைய இரும்புக் கடைச் சரக்கு. பக்கெட் லிஃப்டர்களையும் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவே உட்காரும் கிண்ணங்கள்) அதனதன் இடத்திலேயே எடுத்து வர வேண்டும். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கொட்டித் தருகிற கடையில் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது அடுத்த கடைக்குப் போங்கள்.

சில ஹெட்டுகளின் பக்கவாட்டில் சிறிய வட்டப் பொட்டு ஒட்டியிருக்கும். ரீபில்ட் செய்தவர்கள் ஒட்டும் ஹீட் டேப் அது. பொதுவாக 124 டிகிரி வாக்கில் நடுப்பகுதி உருகிவிடும். நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் மேலே பேச வேண்டாம், ஹெட்டை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

விலை அடிமாட்டு விலையாக இருக்கலாம். ஆனால் பிரஷர் டெஸ்ட், ஸ்கிம், வால்வு சீட் (வால்வு உட்கார்ந்து அடைக்கும் வளையம்) வேலை, புது சீல், கேஸ்கட் செட், போல்ட் எல்லாம் சேரும்போது கணக்கு வேறு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும். ஹெட்டைக் கழிக்க வேண்டிய காரணம் இருந்தால், செலவில்லாத சோதனையிலேயே அது வெளியே வந்துவிட வேண்டும். சோதனைகளின் வரிசையைக் கீழே அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கழற்றுவதும் கழுவுவதும்

உங்கள் வண்டியின் ஹெட்டையே கழற்றுகிறீர்கள் என்றால் எஞ்சின் முழுதாக ஆறட்டும். சூட்டோடு போல்ட்டைத் தளர்த்தினால் நல்ல ஹெட்டும் வளையும். போல்ட்டுகளை வெளி ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி, இரண்டு மூன்று சுற்றாகத் தளர்த்த வேண்டும். இறுக்கும்போது இதற்கு நேர்மாறு. கேம் கேப்புகளுக்கும் படிப்படியாகத் தளர்த்தும் வரிசை உண்டு. அதை மதிக்காவிட்டால் வால்வு ஸ்பிரிங்கின் விசை கேமை ஒரு பக்கமாகத் தூக்கும். கேப்பில் விரிசல் விழும், சில சமயம் கேமே உடையும்.

கேஸ்கட் ஒட்டுகளை எடுக்க டிரில்லில் மாட்டும் சொரசொரப்பு டிஸ்க் வேண்டவே வேண்டாம். இங்கே பல ஒர்க்‌ஷாப்பில் இன்னமும் அதைத்தான் பிடிக்கிறார்கள். அது இரண்டு கேடு செய்கிறது. சிலிண்டர்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழுகிறது. டிஸ்க்கிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு தூள் எண்ணெய் வழிகளுக்குள் போய்ப் பேரிங்குகளைத் தின்றுவிடுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் இதை எச்சரித்து ஒர்க்‌ஷாப்களுக்குச் சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. கேஸ்கட் ரிமூவர் அடித்து, ஊறவிட்டு, பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால் எடுங்கள். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

காஸ்டிக் சோடா தொட்டி வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு மட்டும். அலுமினியத்தை அது கரைத்துவிடும். கழுவிய எண்ணெய்த் தண்ணீரை வடிகாலில் விடக்கூடாது. எண்ணெய்க் கழிவைச் சேகரிக்க உரிமம் பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். எண்ணெய் வழிகளின் பிளக்குகளைக் கழற்றி, நீளப் பிரஷ் விட்டு, காற்றடித்து முடியுங்கள். டொயோட்டா வியோஸ் போன்ற வண்டிகளில் வந்த 1என்இசட் பெட்ரோல் எஞ்சினின் ஹெட்டில், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பின் வால்வுக்கு எண்ணெய் போகும் வழியில் ஒரு போல்ட்டுக்கு உள்ளே சிறிய வலை ஃபில்டர் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அது அடைத்திருந்தால் புது ஹெட் போட்டாலும் டைமிங் கோளாறு தொடரும்.

வளைவு, அதைவிட முக்கியமாக கேம் துளை

அலுமினியம் சூட்டில் விரிவது வார்ப்பிரும்பைப் போல இரண்டு மடங்கு. 400 மில்லிமீட்டர் நீள ஹெட், காலை 27 டிகிரியிலிருந்து ஓடும் சூடான 95 டிகிரிக்கு வரும்போது ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் நீளும். அதே நீள இரும்பு பிளாக் 0.3தான் நீளும். சாதாரண ஓட்டத்தில் இந்த வித்தியாசத்தை கேஸ்கட் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். கூலன்ட் இல்லாமல் ஓடும்போது ஹெட்டின் நடுப்பகுதி மிக அதிகமாகச் சூடாகி நீளப் பார்க்கும், இரண்டு ஓரங்களும் போல்ட்டால் கட்டுண்டிருக்கும். போக வழியில்லாமல் நடுப்பகுதி மேல்நோக்கி வளைகிறது. ஆறிய பிறகும் அந்த வளைவு அப்படியே நின்றுவிடும்.

அளப்பதற்குத் துல்லியமான ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் போதும். ஸ்டேஷனரிக் கடை ஸ்டீல் ரூலர் யார்டில் முதல் பார்வைக்கு ஆகும், முடிவெடுக்க ஆகாது. நீளவாக்கில் இரண்டு ஓரம், குறுக்கே இரண்டு இடம், மூலைக்கு மூலை இரண்டு என்று ஆறு கோட்டில் வையுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் ஃபீலர் கேஜின் 0.05 மில்லிமீட்டர் தாளை விட்டுப் பாருங்கள். அழுத்தித் தள்ளக் கூடாது. தாள் தானாக நுழைந்து, இழுக்கும்போது லேசாகப் பிடித்தால் அந்த அளவு இடைவெளி இருக்கிறது. நடு இரண்டு சிலிண்டர்களுக்கு இடையில்தான் பெரும்பாலும் முதலில் நுழையும். அங்கே நுழைந்து ஓரங்களில் நுழையாவிட்டால் அது சூட்டு வளைவு. ஒரு மூலையில் மட்டும் நுழைந்தால் யாரோ சுரண்டிய பள்ளமாகவும் இருக்கலாம்.

அளவு என்ன? 1என்இசட்-எஃப்இக்கு டொயோட்டா பிளாக் பக்கத்தில் 0.05 மில்லிமீட்டரும் மேனிஃபோல்டு பக்கங்களில் 0.10ம் தான் அனுமதிக்கிறது. தாண்டினால் ஹெட்டை மாற்று என்கிறது கையேடு. ஹோண்டாவின் பல எஞ்சின்களுக்கு 0.05க்குள் இருந்தால் தொட வேண்டாம், 0.05 முதல் 0.2 வரை ஸ்கிம் போடலாம். நிசானும் மிட்சுபிஷியும் பல எஞ்சின்களில் ஹெட்டிலும் பிளாக்கிலும் சேர்த்தே மொத்தம் 0.2 மில்லிமீட்டர்தான் எடுக்கலாம் என்கின்றன. அதாவது ஏற்கனவே ஒருமுறை ஸ்கிம் போட்ட ஹெட் என்றால் உங்கள் பங்கு தீர்ந்திருக்கும். ஹெட்டின் உயரத்தை மைக்ரோமீட்டரால் நான்கு மூலையிலும் அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். நான்கு மூலையும் ஒரே அளவாக இல்லாவிட்டால் முன்பு சீவியவர் சாய்த்துச் சீவியிருக்கிறார்.

இனிச் சொல்வதுதான் பலர் விட்டுவிடுகிற சங்கதி. ஹெட் வளைந்தபோது அடிப்பக்கம் மட்டும் வளையவில்லை, கேம் ஷாஃப்ட் உட்காரும் துளைகளின் வரிசையும் சேர்ந்தே வளைந்தது. அடியைத் தட்டையாகச் சீவிவிட்டால் அடி நேராகும், கேம் வரிசை வளைந்தபடியே இருக்கும். சீவாத ஹெட்டையாவது போல்ட் இறுக்கும்போது பிளாக் ஓரளவு நேராக்கும். சீவிய பிறகு அந்த வாய்ப்பும் போய்விட்டது. கேம் ஜர்னலில் (துளைக்குள் சுழலும் தண்டுப் பகுதி) எண்ணெய்க்கு விடும் இடைவெளி பொதுவாக 0.03 முதல் 0.08 மில்லிமீட்டருக்குள் இருக்கும். துளை வரிசை 0.15 வளைந்திருந்தால் நடு ஜர்னலில் எண்ணெய்ப் படலத்துக்கு இடமே இல்லை. எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், நன்றாகவே ஓடும். கொஞ்ச நாளில் நடு ஜர்னல் கடிக்கும், அல்லது கேம் இரண்டாக உடையும்.

சோதனை எளிது. வால்வு, ஸ்பிரிங், லிஃப்டர் எதுவும் இல்லாமல் வெறும் ஹெட்டில் கேமை வைத்து, ஜர்னலுக்கு எண்ணெய் விட்டு, கேப்புகளைச் சரியான டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்குங்கள். 1என்இசட்டில் முன் கேப்புக்கு 23 நியூட்டன் மீட்டர், மற்றவற்றுக்கு 13. இப்போது கேம் இரண்டு விரலால் சுற்ற வேண்டும். ஒரு முழுச் சுற்றில் எங்கேயும் பிடிக்கக் கூடாது. நடு கேப்பைத் தளர்த்தியதும் இலகுவாகிறது என்றால் வரிசை வளைந்திருக்கிறது. முதலில் கேமையே வி பிளாக்கில் வைத்து டயல் கேஜால் பார்த்துவிடுங்கள், கேம் வளைந்திருந்தாலும் இதே அடையாளம்தான். பிறகு, இறுக்கினால் நசுங்கி அகலும் பிளாஸ்டிகேஜ் இழையை ஒவ்வொரு ஜர்னலிலும் வைத்து இறுக்கி, கேமைச் சுற்றாமல் கழற்றி அகலத்தை அளந்தால் இடைவெளி எண்ணாகவே கிடைத்துவிடும்.

வளைந்த ஹெட்டை நேராக்க வழி இருக்கிறது. தடித்த எஃகுத் தட்டில் ஓரங்களுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து, நடுவை இறுக்கி, அடுப்பில் 200 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் வைத்து, மெல்ல ஆறவிடுவார்கள். அதன் பிறகுதான் ஸ்கிம், தேவையானால் கேம் துளையை வரிசையாகத் துளைப்பது. அரிய எஞ்சினுக்கு இந்தச் செலவு தகும். வியோஸ், ஆல்டிஸ் போலக் கணக்கில்லாமல் ஓடிய வண்டிக்குத் தகாது, வேறு ஹெட் பாருங்கள்.

சூடு பட்ட அலுமினியம் மெத்தென்று ஆகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் சூடேற்றிப் பதப்படுத்தியதால்தான் அதற்கு அந்தக் கடினம் வந்தது. மிகையான சூடு அந்தப் பதத்தை அழித்துவிடுகிறது. கடினம் அளக்கும் கருவி வைத்திருக்கும் மெஷின் ஷாப்பில், ஓரத்தில் ஒரு அளவும் நடு சிலிண்டர்களுக்கு இடையில் ஒரு அளவும் எடுக்கச் சொல்லுங்கள். நடுப்பகுதி தெளிவாகக் குறைந்திருந்தால் அந்த ஹெட்டைக் கழித்துவிட வேண்டும். புது கேஸ்கட்டின் வளையம் அந்த மெத்தென்ற இடத்தில் அமுங்கிக்கொண்டே போகும், இறுக்கம் குறையும், கேஸ்கட் மறுபடி போகும். "கேஸ்கட் மட்டம், அதான் திரும்பப் போச்சு" என்று சொல்லப்படுகிற பல வண்டிகளில் கேஸ்கட் மேல் குற்றமில்லை.

விரிசல்

அலுமினியத்துக்குச் சாயச் சோதனை, வார்ப்பிரும்புக்குக் காந்தத் தூள் சோதனை. சாய ஸ்பிரே மூன்று டப்பாவாக வரும். நன்றாகக் கழுவி உலர்த்திய பரப்பில் சிவப்புச் சாயத்தை அடித்து 10 முதல் 20 நிமிடம் விடுங்கள். பிறகு கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். நேராக ஹெட்டின் மேல் அடித்தால் விரிசலுக்குள் இருக்கிற சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். கடைசியாக வெள்ளை டெவலப்பரை மெல்லிய படலமாக அடித்துக் காத்திருங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு மெல்ல ஊறி வரும். பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு நடுவே, வால்வு சீட்டிலிருந்து ஸ்பார்க் பிளக் துளை நோக்கி, டீசலில் இன்ஜெக்டர் துளையைச் சுற்றி.

கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை மட்டுமே சாயம் காட்டும். உள்ளே எக்ஸாஸ்ட் வழிக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவே இருக்கும் விரிசலுக்கு பிரஷர் டெஸ்ட்தான். தண்ணீர்த் துளைகளை ரப்பர் வைத்த தட்டால் அடைத்து, ஹெட்டை 80 டிகிரி வாக்கில் வெந்நீர்த் தொட்டியில் மூழ்கவைத்து, 2 முதல் 3 பார் காற்று கொடுத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். வெந்நீர் முக்கியம். குளிர்ந்தபோது மூடிக்கொண்டு, சூட்டில் மட்டும் வாய் திறக்கும் விரிசல்கள் பல. குளிர்ந்த தண்ணீரில் சோதித்துவிட்டு நல்ல ஹெட் என்று கையில் கொடுத்தால் ஏற்காதீர்கள். என் கணக்கில், பழைய ஹெட்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் மிகப் பயனுள்ள பகுதி இந்தச் சோதனைதான். ஸ்கிம்முக்கும் சீட் வேலைக்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

ஃபோக்ஸ்வாகனின் சில டீசல் ஹெட்டுகளில் வால்வு சீட்டுகளுக்கு நடுவே மெல்லிய விரிசல் இருந்தாலும் குறிப்பிட்ட அகலத்துக்குள் இருந்தால் பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். அந்தச் சலுகையை எல்லா எஞ்சினுக்கும் நீட்டிவிடாதீர்கள். அந்த எஞ்சினின் கையேடு சொன்னால் மட்டும்.

வெறும் தண்ணீர் செய்யும் கேடு

நம் ஊரில் தண்ணீர் உறையாது. அதனால் "கூலன்ட் எதுக்கு, பைப் தண்ணியே போதும்" என்ற பேச்சு இங்கே சகஜம். கூலன்ட் உறைவதைத் தடுப்பதற்கு மட்டும் இருப்பதல்ல. அதில் அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கிறது. வெறும் தண்ணீரில் அலுமினிய ஹெட், இரும்பு பிளாக், எஃகு கேஸ்கட் மூன்றும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரியாக வேலை செய்யும், கரைவது அலுமினியம். யார்டில் ஹெட்டைத் திருப்பித் தண்ணீர்த் துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சாம்பல் நிற அலுமினியம் சுத்தமாகத் தெரிந்தால் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டவர் நல்லவர். துருச்சேறும் வெள்ளைப் பொருக்கும் அடைத்திருந்தால் வேறு ஹெட் பாருங்கள்.

அரிப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் முடிவு. தண்ணீர்த் துளையின் விளிம்பு கொஞ்சம் தின்னப்பட்டு, கேஸ்கட்டின் புடைப்புக் கோடு உட்காரும் இடம் முழுதாக இருந்தால் ஹெட் பிழைக்கும். புது கேஸ்கட்டையே ஹெட்டின் மேல் சரியாக வைத்து, துளைகளைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். குழி அந்தக் கோட்டைத் தாண்டி, சிலிண்டர் வளையம் உட்காரும் இடத்துக்குப் போயிருந்தால் ஸ்கிம்மில் தீராது. குழியின் ஆழம் பெரும்பாலும் அனுமதித்த அளவைவிட அதிகமாக இருக்கும். டிக் வெல்டிங்கில் நிரப்பலாம். அதற்கு அரித்த பகுதியைப் பளபளக்கும்வரை குடைந்தெடுக்க வேண்டும், ஹெட்டை முன்கூட்டிச் சூடாக்க வேண்டும், வெல்டிங்குக்குப் பின் மெல்ல ஆறவிட வேண்டும். பிறகு வளைவு, சீட், விரிசல் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். எபாக்சி பூசி மேலே சீவித் தருவதும் உண்டு. வண்டியை விற்பதற்காகச் செய்யும் வேலை அது.

வால்வு, கைடு, சீட்

மல்டி ஸ்டோரி கார் பார்க்கின் மேல் தளத்திலிருந்து ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இறங்கி வந்து, கீழே மிதித்ததும் நீலப் புகை வந்தால் கைடையும் (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாய்) அதன் மேல் எண்ணெயைத் தடுக்கும் ஸ்டெம் சீலையும் பாருங்கள். இறங்கும்போது இன்டேக் பக்கத்தில் உருவாகும் வெற்றிடம் எண்ணெயைக் கைடு வழியாக உறிஞ்சிக்கொள்ளும்.

1என்இசட்டில் கைடின் உள்விட்டம் 5.010 முதல் 5.030 மில்லிமீட்டர். இன்டேக் வால்வின் தண்டு 4.970 முதல் 4.985, எக்ஸாஸ்ட் 4.965 முதல் 4.980. ஆகவே புதிதில் இன்டேக் இடைவெளி 0.025 முதல் 0.060, எக்ஸாஸ்ட் 0.030 முதல் 0.065. இன்டேக்கில் 0.08ஐயும் எக்ஸாஸ்ட்டில் 0.10ஐயும் தாண்டக் கூடாது. கைடு ஒரே சீராகத் தேயாது. இரண்டு வாயிலும் மணி போல விரிந்து, நடுவில் நன்றாக இருக்கும். நடுவில் மட்டும் அளந்தால் தேய்ந்த கைடும் பாஸாகிவிடும். மேல், நடு, கீழ் மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் சிறுதுளை கேஜால் எடுங்கள். கேஜ் இல்லாவிட்டால் வால்வைச் சீட்டிலிருந்து 10 மில்லிமீட்டர் தூக்கி ஆட்டிப் பார்ப்பார்கள். அந்த ஆட்டம் உண்மையான இடைவெளியைவிடப் பெரிதாகத் தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

கைடு மாற்றியபின் சீட்டைக் கட்டாயம் வெட்ட வேண்டும். சீட்டின் மையம் கைடைப் பொறுத்தது, கைடு மாறினால் மையமும் மாறும். கைடு தேய்ந்திருக்கும்போதே சீட்டை வெட்டினால் கைடுக்குள் நுழைந்து கட்டரைத் தாங்கும் பைலட் தண்டே ஆடும், வட்டம் வட்டமாக வராது. எனவே முதலில் கைடு, பிறகு சீட். தொடுபரப்பு 45 டிகிரியில், 1.0 முதல் 1.4 மில்லிமீட்டர் அகலத்தில், வால்வு முகத்தின் நடுவில் விழ வேண்டும். மேலே விழுந்தால் 30 டிகிரி கட்டர், கீழே விழுந்தால் 60. அகலத்தைக் குறைத்தால் நன்றாக அடைக்கும் என்று எண்ணி எக்ஸாஸ்ட் சீட்டை மெல்லியதாக்கக் கூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெருமளவு சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. தொடுபரப்பு சிறுத்தால் வால்வு கருகும்.

சீட்டை வெட்டினால் வால்வு ஹெட்டுக்குள் இறங்கும், தண்டின் நுனி அதே அளவு மேலே ஏறும், லிஃப்டர் இடைவெளி அதே அளவு குறையும். 1என்இசட்டில் குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.15 முதல் 0.25, எக்ஸாஸ்ட் 0.25 முதல் 0.35. 0.28 இருந்த எக்ஸாஸ்ட்டில் சீட்டை 0.10 வெட்டினால் 0.18 ஆகிவிடும். அப்படியே மாட்டினால் சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் எரியும். புது லிஃப்டரைக் கணக்கிடுவது இப்படி: பழைய லிஃப்டர் 5.42, அளந்த இடைவெளி 0.18, வேண்டியது 0.30 என்றால் 0.12 குறைத்து 5.30 போட வேண்டும். டொயோட்டா 5.06லிருந்து 5.74 வரை 0.02 இடைவெளியில் 35 அளவு தருகிறது. கணக்கு 5.06க்கும் கீழே போனால் சீட் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது, புது சீட் வளையம் போட வேண்டியதுதான். யார்டிலிருந்து லிஃப்டர்களை இடம் மாறாமல் கொண்டுவரச் சொன்னதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். 16 லிஃப்டரில் பல மறுபடி பயன்படும், நான்கைந்து வாங்கினால் போதும்.

ஸ்பிரிங்கின் நீளத்தையும் செங்குத்தையும் பாருங்கள். ஸ்டெம் சீல் எப்போதும் புதிது. இன்டேக்குக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் சீலின் நிறம் வேறாக இருந்தால் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். எல்லாம் மாட்டியபின் எரியறைகளை மேலே பார்க்க வைத்து மண்ணெண்ணெய் ஊற்றி, போர்ட் பக்கம் கசிகிறதா என்று பாருங்கள்.

ஸ்கிம், டீசல், போல்ட்

எல்லாம் தேறியபிறகு ஸ்கிம். மல்டி லேயர் ஸ்டீல் கேஸ்கட்டுக்குப் பரப்பு மிக வழுவழுப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பு அளவான ரா 1.25 மைக்ரானைத் தாண்டக் கூடாது, 0.8 இருந்தால் நல்லது. எமரித் தாளைக் கண்ணாடி மேல் வைத்துத் தேய்ப்பதால் இது வராது. தேவைக்கு மேல் ஒரு இழைகூட எடுக்கச் சொல்லாதீர்கள். கையேடு ஹெட்டை மாற்றச் சொன்னாலும், 1என்இசட்டில் 0.2 மில்லிமீட்டர் எடுத்தால் கம்ப்ரெஷன் 10.5லிருந்து ஏறத்தாழ 10.7 ஆகும், அதை எஞ்சின் தாங்கும். கேமும் 0.2 கீழே வருவதால் செயின் அந்த அளவு தளரும், டைமிங் இம்மியளவு பின்தங்கும், அதையும் தாங்கும். இதற்கு மேல் போனால் தாங்கும் என்று சொல்ல மாட்டேன்.

டீசலில் நிலைமை வேறு. பிஸ்டன் ஹெட்டை ஒட்டி வந்து நிற்கும். பல டீசல் ஹெட்டுகளுக்கு ஸ்கிம்மையே தயாரிப்பாளர் அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் வால்வு முகம் ஹெட் பரப்புக்கு எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்து, குறைந்திருந்தால் சீட்டை இறக்க வேண்டும். பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று டயல் கேஜால் அளந்து, அதற்கேற்ற தடிமனில் கேஸ்கட் எடுக்க வேண்டும். தடிமனைக் காட்ட கேஸ்கட்டின் ஓரத்தில் வெட்டோ துளையோ எழுத்தோ இருக்கும். ஹையேஸில் வரும் 1கேடி, 2கேடி ஹெட்டுகளில் இன்ஜெக்டர் உட்காரும் அடிப்பரப்பைத் தனியாகப் பாருங்கள். செம்பு வாஷர் அடைக்காமல் கேஸ் மேலே கசிந்திருந்தால் அங்கே கரி பிடித்து அரித்திருக்கும். அந்தக் கரி எண்ணெயில் கலந்து சம்ப் வலையை அடைத்து, கடைசியில் பேரிங்கை எடுத்துவிடும். 4ஜேபி1 போன்ற லாரி எஞ்சின்களின் வார்ப்பிரும்பு ஹெட் அவ்வளவு எளிதில் வளையாது, விரிசல் விடும். காந்தத் தூள் சோதனையில் விரிசல் தெரிந்தால் வார்ப்பிரும்பை வெல்டிங் செய்யப் பார்க்காமல் வேறு ஹெட் வாங்குவதே மேல்.

பிளாக்கின் மேல்பரப்பையும் அதே ஸ்ட்ரெய்ட் எட்ஜால் அதே ஆறு கோட்டில் பார்த்துவிடுங்கள். ஹெட்டுக்கு இவ்வளவு செய்துவிட்டு பிளாக்கைச் சும்மா துடைத்து மாட்டுவது வேலையில்லை. போல்ட் துளைகளில் எண்ணெயோ கூலன்ட்டோ தேங்கி நின்றால் காற்றடித்து எடுங்கள். அடி மூடிய துளையில் திரவம் இருந்தால் போல்ட் இறங்கும்போது அது போக வழியில்லாமல் பிளாக்கை வெடிக்க வைக்கும், டார்க் ரெஞ்சும் பொய் சொல்லும். கேம்ரி, எஸ்டிமா வண்டிகளில் வந்த பழைய 2ஏஇசட்-எஃப்இ எஞ்சினில் பிளாக்கின் போல்ட் மரையே பிய்ந்து வருவது தெரிந்த குறை. அந்த எஞ்சினில் கேஸ்கட் போயிருந்தால் ஹெட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் மரைகளைப் பாருங்கள். பிய்ந்திருந்தால் எஃகு மரை உறை போட்டுத்தான் மேற்கொண்டு போக முடியும்.

1என்இசட்டின் 10 போல்ட்டுகளையும் மரைக்கும் தலையின் அடிக்கும் லேசாக எஞ்சின் எண்ணெய் தடவி, நடுவிலிருந்து வெளியே 29 நியூட்டன் மீட்டர். பிறகு தலையில் பெயிண்ட் புள்ளி வைத்து 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி. இந்த வகைப் போல்ட் நீளும்படி இறுக்கப்படுவது. பழையதைப் பயன்படுத்துவதானால் கையேட்டில் சொன்ன இடத்தில் அளந்து பாருங்கள், கழுத்து மெலிந்திருந்தால் எறிந்துவிடுங்கள். வெளியே கொடுத்த மற்ற வேலையோடு ஒப்பிட்டால் ஒரு செட் போல்ட் விலை பெரிதில்லை, புதிதே போடலாம்.

கூலன்ட்டை நிரப்பும்போது ஹீட்டர் வழியிலும் ஹெட்டின் மேலும் காற்று நிற்காமல் வெளியேற்றுங்கள். கலவைக்குப் பைப் தண்ணீர் வேண்டாம், கனிமம் நீக்கிய தண்ணீர் அல்லது கலந்தே வரும் கூலன்ட். அடுத்த சில நாட்கள் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ரிசர்வ் டேங்க் மட்டத்தைப் பாருங்கள், மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். இரவு முழுவதும் ஆறிய எஞ்சினில் ஹோஸ் மெத்தென்று இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் எரியறைக் கேஸ் தண்ணீருக்குள் போகிறது. ரேடியேட்டர் வாயில் கேஸ் கண்டறியும் நீல திரவத்தை வைத்துச் சோதியுங்கள். திரவம் மஞ்சளாக மாறினால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட்டு ஹெட்டைத் திறக்க வேண்டும்.